மூன்றாவது குற்றம்

சாந்த் குருவா,
10 பெப்ரவரி 1958

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமா என்று கேட்க வேண்டும். உன் கடுதாசியைப் படித்த பிறகு அதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

ஒரு பக்கம் முழுக்கக் காவடி. அத்தான் எத்தனை வேல் குத்திக்கொண்டார், வெயிலில் யார் மயங்கி விழுந்தார்கள், எத்தனை பேருக்கு இலை போட்டீர்கள். கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரி: "கடைக்கு இன்ஸ்பெக்டர் வந்து ரம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்." இதை அல்லவா முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்?

அக்கா, இது மூன்றாவது. முந்தின வருஷம் மூடும் நேரம் தாண்டி விற்றதற்கு ஒன்று. போன ஆகஸ்டில் ஞாயிறு மத்தியானம் விற்றதற்கு ஒன்று. இரண்டு தடவையும் அபராதம் கட்டிவிட்டு வந்து அத்தான் "முடிஞ்சது போ" என்றார். எதுவும் முடியவில்லை. கடைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நினைப்பு இருக்கிறது, கட்டிவிட்டால் கழுவியாயிற்று என்று. கோர்ட் எழுதி வைத்துக்கொள்கிறது. மூன்று வருஷத்துக்குள் மூன்று தண்டனை விழுந்தால் மாஜிஸ்திரேட் லைசென்ஸை ரத்து செய்யலாம். செய்தால் அந்தக் கட்டடத்துக்கே ஐந்து வருஷம் லைசென்ஸ் கிடையாது. உன் பெயரில் கேட்டாலும் கிடையாது. முன்பக்கத்து அரிசி பருப்பில் உங்கள் வீடு ஓடாது என்பது உனக்கே தெரியும். பின்பக்கத்து ரம் கவுண்டர்தான் உங்களுக்குச் சோறு.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுது. எந்தத் தேதி, எத்தனை குப்பி, முத்திரை வைத்தார்களா. அத்தானுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது என்பதால் மொட்டையாகக் கேட்கிறேன்: ரம்மில் தண்ணீர் கலந்தாரா?

உன் தம்பி,
சிங்காரவேலு


பெல் ரோஷ்,
23 பெப்ரவரி 1958

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே மழை விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். அத்தானுக்கு வேல் குத்திய இடங்கள் ஆறிவிட்டன. எனக்கு ஒன்றுமில்லை. நீ ஓட்டலில் சாப்பிடுவதை விட்டாயா? போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

நீ கேட்டதை வரிசையாக எழுதுகிறேன். முதல் தேதி, சனிக்கிழமை. கரும்புத் தோட்டத்தில் சம்பள நாள், பின்பக்கம் நிற்க இடமில்லை. அத்தான் காவடிக்குக் கரேம் விரதம் பிடித்து ஏழாவது நாளோ எட்டாவது நாளோ. கறி மீன் இல்லை, பாயில் படுக்கை. ரம்மைத் தொடுவதில்லை என்று பீப்பாய் அறைப் பக்கமே போகவில்லை. மற்ற நாட்களில் காலையில் ஒரு குப்பியில் பிடித்துக் குலுக்கி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வலுவைப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு விடுவார். அந்தப் பத்து நாளும் அது இல்லை. கவுண்டரை ரொலான்தான் பார்த்துக்கொண்டான். உனக்குத் தெரியுமே, பதினோரு வருஷமாக நம்மிடம் நிற்கிறவன்.

இன்ஸ்பெக்டர் பீப்பாயிலிருந்து மூன்று குப்பி பிடித்து அரக்கு முத்திரை வைத்தார். ஒன்றை நீட்டி, "இது உங்க பங்கு, பிடிங்க" என்றார். அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"நான் கரேம்ல இருக்கேன், மிஸ்யே. தொட மாட்டேன்."

"குடிக்கச் சொல்லல, பிடிக்கத்தான் சொன்னேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. கடைசியில் ரொலான்தான் வாங்கி அலமாரியில் வைத்தான்.

அத்தான் தண்ணீர் கலக்கவில்லை. காவடியைத் தோளில் ஏற்றுமுன் சாமி முன்னால் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தம்பி, நீ படித்தவன், ஒன்று கேட்கிறேன். பீப்பாயின் மூடி தளர்ந்து, ஜனவரி வெயிலில் ஏழெட்டு நாள் கிடந்தால் ரம்மின் வலு தானாகக் குறையுமா?

வெயிலில் அலையாதே.

உன் அக்கா,
தனலட்சுமி


சாந்த் குருவா,
2 மார்ச் 1958

அன்புள்ள அக்கா,

சுகம். ஓட்டலில்தான் சாப்பிடுகிறேன், செத்துப்போகவில்லை.

உன் கடுதாசி வந்த மறுநாள் நான் வேலை செய்யும் சர்க்கார் ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். குப்பிகள் எங்களுக்குப் பெயரில்லாமல், எண்ணோடுதான் வரும். முதல் தேதி எடுத்த குப்பிகளில் உங்கள் ஃப்ளாக் வட்டாரத்திலிருந்து வந்தது ஒன்றுதான். அதைக் காய்ச்சி வடித்தவன் நான். ஹைட்ரோமீட்டரை இறக்கிப் பார்த்தவன் நான். அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து. இருக்க வேண்டிய வலுவைவிட ஒன்பது டிகிரி குறைவு. யாரோ ஒரு திருட்டுக் கடைக்காரன் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

இதை மறைத்து வைக்க எனக்கு வராது. நேராகப் போய் மேலதிகாரியிடம், இது என் அக்கா புருஷனுடையது என்றேன். அவர் இன்னொருவரை வைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே ஒன்பது. வழக்கு முடியும் வரை நான் உங்கள் ஊர்ப் பக்கமோ கோர்ட் பக்கமோ போகக்கூடாது என்று எழுதியும் கொடுத்துவிட்டார். கடுதாசி எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூடி தளர்ந்தால் வலு குறையும். தண்ணீரைவிடச் சாராயம் வேகமாகப் பறக்கும். ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு சின்னப் பீப்பாய் வாங்கி, பாதி நிரப்பி, மூடியைத் தளர்த்தி, தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். பத்து நாள் முடிந்ததும் எழுதுகிறேன். அத்தான் சொல்வது நிஜமாக இருந்தால் எண் அதைச் சொல்லும்.

உன் தம்பி,
சிங்காரவேலு


சாந்த் குருவா,
18 மார்ச் 1958

அன்புள்ள அக்கா,

என் போன கடுதாசிக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பத்து நாளுக்கு இரண்டு நாள் கூடவே விட்டேன். கொட்டகைக்குள் கால் வைக்க முடியாத சூடு. குறைந்தது ஒன்றரை டிகிரி. மீதி ஏழரை டிகிரி பறந்து போகவில்லை, அக்கா. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

சாமி முன்னால் சத்தியமாம். கரேம் பிடிக்கிறவர் கடையையும் பத்து நாள் மூடியிருக்கலாம். ரம்மைக் கையால் தொட்டால் பாவம், விற்றால் பாவமில்லை, தண்ணீர் ஊற்றி விற்றால் அதுவும் பாவமில்லை போலிருக்கிறது.

உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. இதையேதான் பிரெஞ்சில் அவருக்கும் எழுதி இன்றே தபாலில் போட்டிருக்கிறேன்.

உன் தம்பி,
சிங்காரவேலு


பெல் ரோஷ்,
6 ஏப்ரல் 1958

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். இங்கே கொய்யா பழுக்கத் தொடங்கிவிட்டது. நீ வரமுடியாது என்பதால் யார் மூலமாவது கொடுத்தனுப்பப் பார்க்கிறேன்.

உன் கடுதாசியை அத்தான் கவுண்டரில் நின்றுகொண்டே படித்தார். இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சிங்காரம் கோவக்காரன், ஆனா அளக்கறதுல தப்பு பண்ண மாட்டான்" என்றார். "அவன் தண்ணி இருக்குன்னா இருக்கு. நான் ஊத்தல. அப்ப யாரு ஊத்தினது?" பிறகு அவர் கண் கவுண்டருக்குப் போனது. ரொலான் கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அவனை நிறுத்திவிட்டார். முன்பக்கத்தில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி ஊத்திட்டு, எடுத்த ரம்மை என்ன செஞ்சே? வித்தியா?"

"பதினோரு வருஷம் உங்க பீப்பாயை உருட்டியிருக்கேன், மிஸ்யே ராமசந்திரன். தினம் கடைசித் தம்ளர் எனக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் குடிக்கிற ரம்முல நானே தண்ணி ஊத்துவேனா? எனக்கென்ன பைத்தியமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதனால்தான் அத்தானுக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே போ என்றார்.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வேலைக்காரன் முதலாளிக்குத் தெரியாமல் செய்தது என்று காட்ட முடிந்தால், மாஜிஸ்திரேட் அபராதத்தோடு விட்டுவிடலாம், லைசென்ஸ் தப்பும் என்கிறாராம். அத்தான் ரொலான் மேல் புகார் கொடுத்திருக்கிறார். ஜூன் பன்னிரண்டாம் தேதி இரண்டும் ஒன்றாக விசாரணைக்கு வருகிறது.

ரொலானின் மனைவி எவெலின் நம் வீட்டுத் துணி வெளுப்பவள். இப்போது வருவதில்லை. நானே வெளுக்கிறேன். கை கொஞ்சம் வெடித்திருக்கிறது, எண்ணெய் தடவினால் சரியாகிவிடும்.

உன் அக்கா,
தனலட்சுமி


சாந்த் குருவா,
13 ஏப்ரல் 1958

அன்புள்ள அக்கா,

சுகம். கொய்யா வேண்டாம்.

அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவரைப் பொய்யர் என்று எழுதியது என் தப்பு. ஆனால் ரொலான் சொன்னதை நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. அந்த ஆள் சொல்வது கணக்குப்படி சரி. தினமும் அந்தப் பீப்பாயிலிருந்து ஓசியில் குடிக்கிறவன் அதையே கெடுத்துக்கொள்ள மாட்டான். ரம்மைத் திருடி விற்கிறவனுக்கு அதை வைத்துக்கொள்ள இடம் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். பெல் ரோஷ் மாதிரி ஊரில் அது ஒரு வாரம்கூட மறையாது.

பீப்பாய் அறைக்குப் பூட்டு உண்டு. சாவி எப்போதும் அத்தான் இடுப்பில் இருக்கும். கரேமில் ரம்மைத் தொடாதவர் சாவியையும் வைத்திருக்க மாட்டார். அப்படியானால் அந்தப் பத்து நாளும் சாவி யாரிடம் இருந்தது?

இதற்கு மட்டும் பதில் எழுது. மழை, வெயில், கொய்யா எதுவும் வேண்டாம்.

உன் தம்பி,
சிங்காரவேலு


பெல் ரோஷ்,
25 மே 1958

அன்புள்ள தம்பிக்கு,

என்னிடம் இருந்தது.

ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுத வரவில்லை. எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் கரேம் தொடங்கியபோது எனக்கு அதைப் பிடிக்க முடியாத நாட்களாக அமைந்துவிட்டன, காவடி நாள் வரை கோவில் பக்கம் போகவில்லை. அதனால் சாவி என் முந்தானையில்; காலையில் நான் திறந்துவிட, ரொலான் ரம் பிடித்துக்கொள்வான்.

கரேம் தொடங்கிய சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலை, எவெலின் துணி எடுக்க வந்தாள். இடது கண் மூடியிருந்தது. உதடு கிழிந்து, பேச்சு குழறியது. புதிதில்லை. பதினோரு வருஷமாகச் சம்பள நாளுக்கு மறுநாள் அவள் எப்படி வருவாள் என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் அரைத்துப் போட்டு அனுப்புவேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் உட்காரவில்லை.

"மதாம், அந்தப் பீப்பாயில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

"என்னடி பேசறே?"

"அவர் குடிக்கிற தம்ளர் குறையாது. எனக்கு விழற அடி குறையும். மிஸ்யே பத்து நாளைக்கு உள்ள வர மாட்டாரு. இப்ப விட்டா எப்ப?"

நான் யோசிக்கவில்லை, தம்பி. யோசித்திருந்தால் மூன்றாவது கேஸ் ஞாபகம் வந்திருக்கும். சாவியை எடுத்தேன். துவைக்கும் கல்லடியிலிருந்து அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் தட்டி எடுத்து நான் ஊற்றினேன். இரண்டு வாளி. அந்த வாரம் அவள் முகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். புதன்கிழமை இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார்.

அத்தான் சாமி முன்னால் சத்தியம் செய்தபோதே, சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். பிறகு ரொலானை நினைத்துக்கொண்டேன். எவெலின் வாளியோடு உள்ளே போனதை அவன் பார்த்திருக்கிறான். "என்ன, தரையெல்லாம் கழுவறீங்களா?" என்றுகூடக் கேட்டான். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று வெளியே வந்த நிமிஷமே அந்த வாளி அவன் கண்ணுக்கு வரும். அதற்கப்புறம் அவளை யார் காப்பாற்றுவது?

இப்போது வேலையும் இல்லாமல் அவன் பகலிலேயே கரும்பாலைக்குப் பின்னால் போய்க் கள்ளச்சாராயம் குடிக்கிறான். அதுவும் என்னால்தான்.

என்ன செய்வது என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அக்கா


சாந்த் குருவா,
28 மே 1958

அன்புள்ள அக்கா,

திட்டப் போவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணாடி மாதிரித் தெரிகிறது.

நீ அத்தானிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றியது நான் என்று நாலு வார்த்தை. எவெலின் பெயர் எதற்கு? லைசென்ஸைப் பற்றி உனக்கு நான் பொய் நம்பிக்கை தரமாட்டேன். ரொலான் செய்தான் என்று கோர்ட் நம்பினால் லைசென்ஸ் தப்பலாம். நீ செய்தாய் என்றால் போய்விடும். ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போவான், அந்த லைசென்ஸைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு நீங்கள் ரம் விற்பீர்கள். உன்னால் அந்தக் கவுண்டரில் நிற்க முடியுமா?

அவன் மனைவியை அடிக்கிறவன் என்பது வேறு வழக்கு. அதற்குப் போலீஸ் இருக்கிறது. இரண்டையும் நீ போட்டுக் குழப்புகிறாய். ஒரு தப்பை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மூன்றாவது, இப்படிப் போனால் முடிவே இருக்காது.

ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமைக்குள் அத்தானிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கடுதாசி வர வேண்டும். வராவிட்டால் நானே அவருக்கு எழுதிவிடுவேன். என்னைத் தெரியும் உனக்கு.

தைரியமாக இரு.

உன் தம்பி,
சிங்காரவேலு


பெல் ரோஷ்,
7 ஜூன் 1958

தம்பி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எவெலினைத் தனியாகப் பார்க்க வழி கிடைக்கவில்லை, நேற்றுத்தான் ஆற்றில் துணி வெளுக்கும் இடத்தில் பிடித்தேன். மாயேபூரில் அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், தெனி என்று பெயர், படகு வைத்திருக்கிறார். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறாராம். ரொலானுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் தேதி வக்கீலை வாய்தா வாங்கச் சொல்லப் போகிறேன். எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாவது வாங்க வைப்பேன். அவள் மாயேபூர் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அத்தானிடம் எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். லைசென்ஸ் போனால் போகட்டும்.

ஒரு வாரம் பொறு. உன் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள். எழுதாதே.

அக்கா


சாந்த் குருவா,
8 ஜூன் 1958

அன்புள்ள அக்கா,

நேற்றுத் தபால்காரர் போகும் வரை பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு அத்தானுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாளைக்கு அவர் கையில் இருக்கும். நீ ஊற்றினாய் என்று மட்டும்தான் எழுதினேன். எவெலின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

இரண்டு நாள் அழுவாய், பிறகு லேசாக இருக்கும்.

உன் தம்பி,
சிங்காரவேலு


சாந்த் குருவா,
22 ஜூன் 1958

அக்கா,

உன் ஏழாம் தேதிக் கடுதாசி ஒன்பதாம் தேதி மாலைதான் என் கைக்கு வந்தது. அதற்குள் அத்தான் படித்திருப்பார். "ஒரு வாரம் எதுவும் பேச வேண்டாம்" என்று அவருக்குத் தந்தி அடித்தேன். கிடைத்ததா?

லைசென்ஸ் ரத்தானதைப் பத்திரிகையில் பார்த்தேன். நாலே வரி. மூன்றாவது முறை, ஐந்து வருஷம். ரொலான் விடுதலை என்றும் போட்டிருந்தது.

எவெலின் மாயேபூர் போய்விட்டாளா? அதை மட்டும் எழுது. வழக்குதான் முடிந்துவிட்டதே, நான் வரலாமா?

சிங்காரவேலு


சாந்த் குருவா,
13 ஜூலை 1958

அக்கா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு வரி போதும்.

சிங்காரவேலு


பெல் ரோஷ்,
3 ஆகஸ்ட் 1958

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் இரண்டு கடுதாசிகளும் கிடைத்தன. தந்தியும் கிடைத்தது. அத்தான் அதையும் படித்தார், மடித்து வைத்துக்கொண்டார். "ஒரு வாரம் பொய் சொல்லச் சொல்றான், காவடி எடுத்த தோளு இது" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் காய்ச்சல் என்று படுத்தேன். சேலையைக் கட்டிக்கொண்டு வா என்று வாசலில் நின்றார்.

கோர்ட்டில் வக்கீல் எழுந்திருக்குமுன் அத்தான் பேசிவிட்டார். "தண்ணி ஊத்தினது என் வீட்டுக்காரி. ரொலான் மேல தப்பில்லை." வக்கீல் காகிதங்களைக் கட்டி வைத்துவிட்டார். முந்தின இரண்டு தண்டனைகளையும் தேதியோடு வாசித்தார்கள். மனைவி செய்தால் லைசென்ஸ் உடையவர் செய்தது போலத்தான் என்றார் மாஜிஸ்திரேட். எச்சரித்தும் திருந்தாதவர், மூன்றாவது முறை, இப்படிப்பட்டவர்களிடம் இரக்கம் காட்டினால் சட்டத்துக்கு மரியாதை இருக்காது என்றார். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ரொலான் அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு வெளியே படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பாதி சிகரெட்டில் தலையைத் தூக்கினான்.

"மதாம், அன்னிக்கு அந்த வாளி எதுக்கு?"

"தரை கழுவ."

"தரை காஞ்சு இருந்ததே, மதாம்."

சிகரெட்டைக் காலால் தேய்த்துவிட்டு எழுந்தான். தோட்டத்து லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான். எங்களுக்குப் பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அத்தானிடம், லாரியை மறியுங்கள், டாக்சி பிடியுங்கள் என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எவெலின் பெயரைத்தான் நீ எழுதவில்லையே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எவெலினின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வலது கையும். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், கஞ்சியைக் குழாயில் விட்டேன். தெனி சொன்னபடி பதினைந்தாம் தேதி வந்தார். வீட்டில் ஆளில்லை என்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்த்தார். இந்த நிலையில் வைத்துக்கொள்ள என் மனைவி சம்மதிக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்பக்கத்துக் கதவில் குறுக்கே பலகை அடித்தாயிற்று. முன்பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். என் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. சோறு போட்டால் சாப்பிடுகிறார். குடிக்கிறவர்கள் யாரும் குடியை விடவில்லை, எல்லோரும் ஆலைக்குப் பின்னால் போகிறார்கள். அங்கே லைசென்ஸும் இல்லை, பூட்டும் சாவியும் இல்லை.

ரொலான் கேஸ் போன திங்கட்கிழமை வந்தது. அதே கோர்ட், அதே மாஜிஸ்திரேட். இவன் பேரில் முன்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். குமாஸ்தா புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். எவெலின் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கம்பியை இன்னும் எடுக்கவில்லை, பேச முடியாது. இதற்கு முன்னால் உன்னை அடித்திருக்கிறானா, தலையாட்டினால் போதும் என்றார் மாஜிஸ்திரேட். அவள் ரொலானைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். தன்னைக் கூட்டிப்போக வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தாள் போலிருக்கிறது. இல்லை என்று தலையாட்டினாள்.

நான் எழுந்து நின்றேன். யார் நீங்கள் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். ரம் கேஸில் வந்த கடைக்காரர் மனைவிதானே, உட்காருங்கள் என்றார்கள்.

அபராதம் போட்டு, எச்சரித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளையும் அவனோடு அனுப்பினார்கள்.

முதல் குற்றம் என்று எழுதிக்கொண்டார்கள், தம்பி.

அக்கா,
தனலட்சுமி